இரண்டு லிட்டர் டீசல்

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்கிறீர்கள்.
பின்னால் வந்த ஆல்பங்களில் கோட்டை உண்டு, கோரஸ் உண்டு,
பதினோரு நிமிடம் படை நடத்தும் கீபோர்டு உண்டு.
முதல் கேசட்டில் மட்டும்
ஏழு பாட்டு, இருபத்தாறு நிமிடம்,
தலைதெறிக்க ஓட்டம்.

தங்கச்சிமடம். மீன்பிடித் தடைக்காலம்.
கரண்ட் வெட்டிய ஐஸ் கம்பெனி.
சுவரில் ஊறிய அமோனியா
கண்ணைக் கரித்தது.
கொடியேற்றத்துக்குப் போகவேண்டிய ஜெனரேட்டர்
ஓர் இரவு எங்களிடம் நின்றது.
கஸ்பார் படகிலிருந்து
இரண்டு லிட்டர் டீசல், கடன்.

இன்னாசிமுத்துவின் இரண்டாவது பேஸ் டிரம்
ஒரு நீல மீன் பீப்பாய்.
பெரியபட்டினத்து நெய்னா
செத்துப்போன எக்கோசவுண்டரைப் பிரித்து
டிஸ்டார்ஷன் கட்டியிருந்தான்.
எனக்கு பேஸ் கிடார்,
நான்கு கம்பியில் மூன்று.

கதையும் என்னுடையதே:
பவளப் பாருக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம்,
ஆவுளியாக்களின் ராணி,
மகுடம் திருடிய கணவாய்,
திருக்கை ஏறிப் பாயும் குதிரைப்படை.
திருக்கையில் வந்தால் எப்படிக் குதிரைப்படை
என்றான் நெய்னா.
பாட்டில் அப்படித்தான் என்றேன்.

மூன்றாம் பாட்டில் ஜெனரேட்டர் இருமியது.
குண்டு பல்பு மஞ்சளாகி
பனங்கிழங்கு நிறமாகி
கம்பி மட்டும் தெரிந்தது.
நாங்கள் நிறுத்தவில்லை.
எங்களோடு சேர்ந்து டேப் மோட்டாரும்
களைத்துக் களைத்துச் சுற்றியது
யாருக்கும் தெரியாது.

மறுநாள் ராமநாதபுரம் கேசட் கடையில்
போட்டுக் கேட்டால்
எங்களை யாரோ துரத்துகிறார்கள்.
தளர்ந்த நாடாவில் ஏறிய பாட்டு
சரியான நாடாவில் கயிறறுத்துப் பாய்ந்தது.
செலஸ்டினின் கட்டைக் குரல்
கடல்காகத்துக்கும் மேலே கத்தியது.
அழித்துவிடுங்கள் என்றோம்.
அதற்குள் நாற்பது பிரதி போயிருந்தது.

மண்டபத்தில் முதல் மேடை.
எங்கள் வேகத்தில்தான் வாசித்தோம்.
'ஏய், கஞ்சி குடிக்கலயா?' என்றது கூட்டம்.
'கேசட்டுல இருக்கற மாதிரி அடிங்கடா!'

அன்றிலிருந்து எட்டு மாதம்
எங்கள் தப்பைத் துரத்தினோம்.
இன்னாசியின் மணிக்கட்டு வீங்கி
நல்லெண்ணெய் வாடையோடு வந்தான்.
தான் பாடாத ஒரு சுருதிக்கு
செலஸ்டின் தினமும் ஏறிப்பார்த்தான்,
காலையில் பாம்பன் பாலத்தடியில்,
ரயில் போகிற நேரமாகப் பார்த்து.
ஒருநாள் எட்டிவிட்டான்.
ரயில் போய்விட்டது, குரல் நின்றது.
எங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கோட்டையெல்லாம் அதற்குப் பிறகு கட்டியவை.
அந்த உயரத்தில் ஒருவன் கத்தினால்
கீழே ஏதாவது ஒரு ராஜ்ஜியம் வேண்டாமா?

கடைசிப் பாட்டு முடிந்தபின்
பதினோரு விநாடி ஒரு சீழ்க்கை
மேலே மேலே போகுமே,
யாளி பறப்பதாக நீங்கள் எழுதினீர்களே,
அது ஜெனரேட்டர் அணைவது.
அதன் வாலில்
கிளிக்குஞ்சு போல ஒரு குரல் கேட்கும்.
அது நான்.
'டீசல் தீந்துபோச்சு' என்கிறேன்.

கஸ்பாருக்கு இன்னும் தரவில்லை.