பதினொரு விநாடி

பழைய மென்பொருளில் ஒரு பிடிஎஃப் திறக்கப்
பதினொரு விநாடி.
கைப்பேசியில் அளந்தேன், மூன்று முறை.
முதலில் அதன் சின்னம் வரும்.
உள்நுழையச் சொல்லும்.
புதிய வசதியைப் பார்த்தீர்களா என்று கேட்கும்.
பார்த்தேன். மூடினேன். நாளைக்கும் கேட்கும்.
அப்புறம்தான் பக்கம் வெள்ளையாய் வந்து நிற்கும்,
எழுத்து இன்னும் வந்து சேராமல்.

பிஷப் தெரு, இரண்டாம் மாடி.
புதுக் கணினி வாங்க வழக்கறிஞர் ஊய்க்கு மனமில்லை,
ஓடுகிறதே என்பார்.
ஓடத்தான் செய்கிறது, நாலு ஜிபி நினைவகத்தோடு,
அந்தக் காலத்துக் கொடிமலை ரயில் ஏறிய மாதிரி.
நாளுக்கு எண்பது கோப்பு திறக்கிறேன்.
பெருக்கினால் கால் மணி நேரம் சொச்சம்.
வெள்ளைத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்க
எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்,
அதைப் போய் அவரிடம் சொல்லவா முடியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரம்,
நில அலுவலகம் தொலைபேசி எடுக்காது.
மூன்று மென்பொருளை இறக்கி வைத்தேன்.
சோதனைக்கு ஆயர் ஈத்தாம் கடைவீட்டு வழக்கு,
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் ஸ்கேன்.
முதலாவது நாலு விநாடியில் திறந்தது,
வேகமாகப் புரட்டினால் சாம்பல் பூசிக்கொண்டது.
இரண்டாவது அழகுதான்;
மாதம் முப்பது வெள்ளி கட்டாதவரை
பட்டாவின் நெஞ்சில் தன் பெயரைக் குறுக்கே எழுதும்.
மூன்றாவது மொத்தமே ஐந்து எம்பி.
முகப்பில்லை, வணக்கமில்லை, பட்டன் என்று நாலைந்து.
தட்டினேன்.
பக்கம் ஏற்கெனவே அங்கே இருந்தது,
நான்தான் தாமதமாய் வந்தவள் போல.

சுட்டியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன்.
முத்திரை, கைநாட்டு, எல்லைக்கல் வரைபடம்,
1962இல் யாரோ சிந்திய தேநீர்க் கறை
எல்லாம் ஓடின.
தவனேஸ்வரி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
"என்ன லா இது, படம் ஓட்டுற மாதிரி?"
இன்னொரு முறை காட்டச் சொன்னாள்.

திங்கட்கிழமை புவான் ரொகாயா வந்தார்,
சுங்கை டுவா வீட்டை விற்கிறவர்.
மகன் வீட்டிலேயே படிவத்தை நிரப்பி
அனுப்பியிருந்தான்.
இமைக்கும் முன் திறந்தேன், அச்செடுத்தேன், நீட்டினேன்,
கொஞ்சம் பெருமையாக.
தாளை மேலும் கீழும் பார்த்தார்.
மலாயில் மெதுவாகக் கேட்டார்:
என் பெயர் எங்கே?

பெயர்க் கட்டம் வெறுமை. அடையாள அட்டை எண், விலை,
எதுவும் இல்லை.
ஐந்து எம்பிக்குள் இருக்க
எதையாவது விட்டுவிட்டுத்தானே வந்திருக்கும்.

பழையதைத் திறந்தேன்.
சின்னம். உள்நுழை. புதிய வசதி.
கவுண்டரில் கையூன்றி
அவரும் என்னோடு அந்த வெள்ளையைப் பார்த்தார்.
பசியாறியாச்சா என்று கேட்டார்.
இன்னும் இல்லை என்றேன்.
அதற்குள் நீல எழுத்தில் வந்து உட்கார்ந்தது
ரொகாயா பிந்தி மாட் சாலே,
கீழே வீட்டின் விலை,
அவர் நினைத்ததைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும்,
ஒரு கணம் உதடு மடிந்தது.
கையெழுத்திட்டார்.

இப்போது இரண்டும் இருக்கின்றன.
எப்போதும் இதிலேயே திற என்ற கட்டத்தில்
நான் இன்னும் டிக் போடவில்லை.
அதனால் ஒவ்வொரு கோப்பும் முதலில் கேட்கிறது,
எதில் திறக்க?
அந்தக் கேள்விக்கே இரண்டு விநாடி.
எண்பதால் பெருக்கிப் பார்க்கவில்லை.