அல்லது

சலவைக்கடையின் தட்டைக் கூரை. மே பிறந்தும்
மைனாட் நகரத்துக் காற்றுக்குப் பல் விழவில்லை.
நான்கு நாள் வேலையை முடித்துவிட்டு
புதுக் குளிர்சாதன இயந்திரத்தின் பக்கத்தில்
கைகட்டி நின்றேன்,
பரிமாறிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பவனைப் போல.

மார்லிஸ் ஓப்செத் ஏணியேறி வந்தாள்.
குழாய்களை நான் வளைத்திருந்த நேர்த்தியைப் பார்க்கவில்லை.
ஒயர்களைத் தலைவாரி விட்டதுபோல் கட்டியிருந்தேனே,
அதையும் பார்க்கவில்லை.
நேரே இயந்திரத்தின் முதுகுப்புறம் போய்
முழங்காலிட்டு
கையுறையால் தகட்டைத் துடைத்தாள்.

"படி, டெல்ரே."

அதிகபட்ச ஃப்யூஸ்: நாற்பது ஆம்பியர்.

"நாற்பதுதானே போட்டிருக்கிறேன்?
கீழே போய்ப் பார்.
புத்தம்புது பிரேக்கர், நாற்பது."

"எண்ணைப் படித்தாய்.
எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் படி."

ஃப்யூஸ்.
அதற்குப் பின்னால் அல்லது இல்லை.
'அல்லது பிரேக்கர்' என்று
எத்தனை தகடுகளில் பார்த்திருக்கிறேன்!
பார்த்துப் பார்த்து,
இல்லாத இடத்திலும் கண்ணே அதை எழுதிக்கொண்டது.
பதினாறு வருஷம். எத்தனை கூரைகளில்
நானே எழுதி நானே படித்தேனோ.

வாய் சும்மா இருக்குமா?
பிரேக்கர் கெட்டிக்காரன் என்றேன். விழுந்தாலும் எழும்.
ஃப்யூஸ் ஒருமுறை எரிந்தால் குப்பைக்கு.
விழுந்து எழுகிறவர்கள் பக்கம் எனக்கொரு சாய்வு உண்டு:
இரண்டு கல்யாணம், ஒரு திவால்.

அவள் சிரிக்கவில்லை.
"இதைச் செய்தவர்கள்
ஓர் அறைக்குள் நிறுத்திவைத்து
மின்சாரத்தை வெறிநாயாய் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள்.
அன்றைக்குக் காவல் நின்றது ஃப்யூஸ்.
உன் பிரேக்கர் நின்றிருந்தால்
என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது.
உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.
காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கி
ஆற்றுப்பக்கம் கொண்டுபோனது.

மதியம் வண்டியெடுத்துப் போய்
ஃப்யூஸ் வைக்கும் துண்டிப்புப் பெட்டி ஒன்றும்
ஃப்யூஸ் மூன்றும் வாங்கினேன். செலவு என் தலையில்தான்;
கடை உரிமையாளர் லவானுக்கு இதைச் சொல்லும் உத்தேசமில்லை.
பிரேக்கர் கீழே அங்கேயே இருக்கட்டும்,
ஏறிவரும் ஒயருக்குத் துணையாக.
இயந்திரத்துக்குக் காவல் இனி இவை:
விரல் நீளக் குழல்,
குழலுக்குள் மணல்,
மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நாடா.
நேரம் வந்தால் சாகவேண்டும், அதுதான் உத்தியோகம்.
என் சட்டைப்பையில் கிடந்து
ஏணியேறும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தன.

நான்கு மணிக்கு மறுபடி வந்தாள்.
பெட்டியைத் திறந்தாள், மூன்றையும் பார்த்தாள், மூடினாள்.
பச்சைச் சீட்டு குளிரில் ஒட்டமாட்டேன் என்றது.
கட்டைவிரலால் அவள் அதை
அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்
நான் குனிந்து
தகட்டை இன்னொரு தரம் படித்தேன்,
முதலாம் வகுப்புப் பையனைப் போல
எழுத்துக்கூட்டி.