சத்தம் போட ஓர் அறை

போரிவலி ஸ்டேஷனிலிருந்து கிழக்கே
ஆட்டோ மீட்டர் சூடாவதற்குள்
காடு வந்துவிட்டது.
கேட்டில் சீட்டுக் கிழித்தவர்
எத்தனை பேர் என்றார்.
ரெண்டு என்றான் இசக்கி.
சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தான்,
மீதிப் பேர் எங்கே என்பதுபோல.

மீதிப் பேர் தாராவியில்,
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்:
அத்தை, கொழுந்தன், அவன் பெண்டாட்டி,
எங்கள் பிள்ளைகள் ரெண்டு.
பதினோரு வருஷமாக அங்கே
புருஷன் பெண்டாட்டி பேச்சு என்பது
மிக்ஸி ஓடும்போது பேசுவது.

வனத்துறை விடுதியின் தண்ணீர்த் தொட்டியை
ஆடி மழையில் நனைந்து
இவன்தான் சரிசெய்து கொடுத்தான்.
கூலி பாக்கி நின்றது.
பாக்கிக்குப் பதிலாக ஓர் இரவு,
வாடகைக்கு ஆள் வராத செவ்வாய்க்கிழமை.

பெடல் படகில்
அவன் ஒரு வேகம், நான் ஒரு வேகம்.
படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.
கான்ஹேரிக் குகையில் எல்லோரும் புத்தரைப் பார்க்க
இவன் குப்புறப் படுத்து
பாறையில் வெட்டிய வாய்க்காலைப் பார்த்தான்.
மழை ஒரு சொட்டும் சிந்தாமல்
தொட்டிக்கு இறங்குகிற வாட்டம்.
"ஒரு எல்போகூட இல்லாம, பாரேன்."
துறவிகளின் பிளம்பர் யாரோ,
அவனுக்கும் பாக்கி வைத்திருப்பார்கள்.

விடுதி என்றால்
ஓட்டுக்கூரை, இரண்டு கயிற்றுக் கட்டில்,
குளியலறையில் குடியிருக்கும் தவளை.
கொசுவலைக்குள் ஏற்கெனவே மூன்று கொசு.
காவலர் பண்டு வார்லி
இருட்டினால் வெளியே வராதீர்கள் என்றார்.
சிறுத்தை இந்தப் படியோரமாகத்தான் போகும்.
பக்கத்து வீட்டுக்காரர்
நைட் ஷிப்டுக்குப் போவதைச் சொல்வதுபோல் சொன்னார்.

கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது,
எங்களுக்குப் பேசத் தெரியாது.
அவன் காதருகே வந்து
"சாப்பாடு போதுமா" என்று கிசுகிசுத்தான்.
"யாருக்குக் கேட்டுரும்னு பயப்படுத?"
நானும் கிசுகிசுத்தேன்.
அப்புறம் குழாய் சொட்டியது.
எழுந்து போய் வாஷர் மாற்றினான்.
பெண்டாட்டியோடு காட்டுக்கு வருகிறவன்
பையில் ஸ்பேனர் வைத்திருந்தான்.

அதில்தான் தொடங்கியது.
ஸ்பேனரில் தொடங்கி
கொழுந்தனுக்குத் தூக்கிக் கொடுத்த சீட்டுப் பணத்துக்கு வந்து,
அடகில் மூழ்கிப்போன என் காப்புக்கு வந்து,
என் தங்கை கல்யாணப் பந்தியில்
அவனை யாரும் உட்காரச் சொல்லாததற்குப் போய்,
போய்க்கொண்டே இருந்தது.
முதல்முறையாக என் குரலை
அதன் முழு நீளத்துக்கு நீட்டினேன்.
அவனும் நீட்டினான்.
வெளியே ஒரு குரங்கு எச்சரிக்கையாக
ஒரு தடவை கத்திப் பார்த்து
விட்டுவிட்டது.

எவ்வளவு நேரமோ.
காப்பு திரும்பவில்லை. பணமும்.
"ஒனக்கு இம்புட்டுப் பெரிய தொண்டையா?" என்றான்,
புதிதாகப் பார்ப்பவன் மாதிரி.
பசித்தது.
மீதிச் சப்பாத்தியை ஊறுகாயோடு தின்றோம்.
கட்டில் இரண்டையும் இழுத்துச் சேர்த்தோம்.
மற்றது
சுவரில் இருந்த பல்லிக்குத் தெரியும்.

விடிந்ததும் பண்டு வந்து
ஈர மண்ணில் குனிந்து காட்டினார்.
படிவரை வந்த தடம்.
அங்கே சற்று நின்ற தடம்.
பிறகு மூங்கில் பக்கம் விலகி
நீளமாகச் சுற்றிக்கொண்டு போன தடம்.
ராத்திரி பாதை மாற்றிவிட்டது
என்றார், எங்களைப் பார்க்காமல்.
இசக்கி மன்னிப்புக் கேட்டான்,
அவரிடமா தடத்திடமா தெரியவில்லை.

வீட்டில் பிள்ளைகள் ஓடிவந்தன.
"சிறுத்தையப் பாத்தீங்களா?"
அத்தை பூண்டு உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.
பாக்கல, என்றேன்.
அது வந்து கேட்டுட்டுப் போயிருச்சு.
சின்னவள் விடவில்லை:
"என்ன கேட்டுச்சு?"

இசக்கி எழுந்து போய்
மிக்ஸியைப் போட்டான்.
ஜாரில் ஒன்றுமில்லை.