கழித்தல் ஒன்று

மின்வாரியத்திலிருந்து ஒரு பட்டியல்,
ரேஷன் கடையிலிருந்து ஒன்று,
பேரூராட்சியின் வீட்டுவரிப் பேரேடு மூன்றாவது.
மூன்றிலும் பள்ளத்தூர் வேறு வேறு ஊர்.

வரிக்குக் கதவிலக்கம் பதினான்கு ஒரே வீடு,
ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
மின்வாரியத்துக்கு அது நான்கு மீட்டர்.
ரேஷன் கடைக்கோ
"14, பின்கட்டு" என்று ஆறு பேர்.

பெயர்களைப் பொருத்துவதற்கே ஆவணி போய்விட்டது.
அடைக்கலம், அடைகலம்,
இங்கிலீஷில் ஒரு கே குறைந்த அடைக்கலம்.
எல்லாம் ஒருவரே, எண்பத்தேழு விழுக்காடு
என்றது இயந்திரம்.
சரி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.
ஆறு பேர் ஐந்தானார்கள்.

மேசையும் மின்விசிறியும் கொடுத்த வயிரவன் அண்ணன்
எட்டிப் பார்த்தார்.
திரையில் சிதறிக் கிடந்தவற்றைப்
புள்ளிகள் என்றேன்.
"எங்களுக்குப் புள்ளின்னா கல்யாணமான ஒரு ஜோடி.
கோயிலுக்குப் புள்ளி வரி குடுக்குறோம்.
ஒம்பது கோயில். ஒங்க மெஷினு வர்றதுக்கு முந்தியே
பிரிச்சு வச்சாச்சு."

அவருக்காக
ஒன்பது என்று கொடுத்து ஓட்டினேன்.
ஒன்பது கொத்து வந்தது.
ஒன்றிலும் கோயில் இல்லை.
தையில் மட்டும் விழிக்கும் வீடுகள் ஒரு கொத்து.
ஏசி ஓடும் விடுதிகள் ஒரு கொத்து.
வரிப் பேரேட்டில் பெயரில்லாமல்
மாதம் இருபது கிலோ புழுங்கலரிசியாக மட்டும்
இருப்பவர்கள் ஒரு கொத்து, அதுதான் பெரியது.
அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எண்ணைச் சொல்லாமல் விட்டேன்.
நெருங்கியவை தாமே சேரட்டும்,
சேராதவற்றுக்குக் கழித்தல் ஒன்று.
நாற்பத்தொரு கழித்தல் ஒன்று.
அதில் இரண்டு, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில்:

ஆளில்லாத முன்கட்டு. பதினோரு வருஷப் பூட்டு.
ஆனாலும் இரவெல்லாம் மின்சாரம்.

அரிசி வாங்கும் பின்கட்டு.
மீட்டரில் சுழியம்.

சைக்கிளில் போனேன்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்,
சுவரில் பல்லி,
பல்லிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஒயர்.

கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் வந்தாள்.
பெயர் கேட்டேன். தயங்கினாள்.
"அட்டையில இருக்கும். எங்க மாமனாருக்கும் அதே பேரு.
வீட்ல யாரு சொல்லுவாக?
சின்னப்பிள்ளைன்னு கூப்பிடுவாக."
கையில் மாவு. அவள் பார்வை
ஒயரிலிருந்து என் பைக்குப் போனது.
மின்வாரியமா நீ, என்று கேட்காத பார்வை.

பதின்மூன்று விழுக்காடு
வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

அன்றிரவு ஒரு வரிசையை இரண்டாக உடைத்தேன்.
அடைக்கலம், ஆண், 71.
அடைக்கலம், பெண், 34.
மறுபடி ஓட்டினேன்.
முன்கட்டும் பின்கட்டும்
இன்னும் கழித்தல் ஒன்று, இன்னும் வெகு தொலைவில்.
ஒயருக்கென்று ஒரு கட்டம்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
நானும் சேர்க்கவில்லை.