கோணல் ஓரம்

பர்மா பஜாரில் நெய்னா முகமது
சார்ஜர் ஒயர்களுக்கு அடியிலிருந்து அதை உருவியபோது
கள்ள நோட்டு என்றுதான் நினைத்தேன்.
என் வேலை அப்படி.
கைக்கு வருவதை முதலில் வெளிச்சத்தில் பிடிப்பேன்.

ஐந்து டாலர். நீல முத்திரை.
ஹார்லோ ஃபெர்ரி, நெப்ராஸ்கா.
நோட்டின் நடுவே அத்தனை பெரிதாக ஒரு ஊர்ப் பெயர்.
நம் ரூபாயில் தண்டையார்பேட்டை என்று
போட்டால் எப்படி இருக்கும்?
சிரித்துவிட்டேன், விலை ஏறிவிட்டது.

கப்பலில் வந்த எவனோ
செருப்புக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனதாம்.
நெய்னாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கப்பல் உண்டு.
மூவாயிரத்து இருநூறு.
இரண்டு தடவை நடந்து திரும்பி வந்ததில்
இரண்டாயிரத்து நானூறு.

இடது மூலையில் காசாளர், வலதில் தலைவர்.
தலைவர் கையெழுத்து வெறும் கிறுக்கல்.
காசாளர் முழுப்பெயர் எழுதியிருக்கிறார்:
ஆஸ்கர் லிண்ட்குவிஸ்ட்.
கறுப்பு மை டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒரு தாளுக்கு நான்காக வருமாம்.
கையெழுத்துப் போட்டு
கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியது வங்கிக்காரர் பாடு.
லிண்ட்குவிஸ்ட், உமக்கு மேல் ஓரம் கோணிவிட்டது.
சாப்பிட்ட மயக்கமா,
இல்லை கவுண்டருக்கு வெளியே யாராவது
இன்னும் எவ்ளோ நேரம் என்று கத்தினார்களா?

இப்போது என்னிடம் பதினோரு ஊர்கள்.
ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

உம் வங்கி மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது.
கதவில் ஒட்டிய தாளைக்கூடக் காற்று தின்றிருக்கும்.
ஆனாலும் இன்றைக்கு அங்கே யாராவது
இதை நீட்டினால் ஐந்து டாலர்
ஐந்து டாலர்தான்.

எங்கள் வங்கி அந்த நவம்பரில் திறந்தே இருந்தது.
வரிசை எண்ணெய்க் கடையைத் தாண்டி வளைந்தது.
காசிமேட்டு ரோணிக்கம்மா
ஐஸ் ஈரத்தோடு பதினாலு ஐந்நூறு கொண்டுவந்தாள்.
மெஷின் துப்பிவிட்டது.
கையால் எண்ணினேன்.
இரண்டு நாள் என் சாப்பாட்டில் வஞ்சிர வாடை.

ஜனவரியில் மறுபடி வந்தாள்.
ஒரே ஒரு தாள்.
மாதா படத்துக்குப் பின்னால் மாட்டிக் கிடந்ததாம்.
தேதி முடிந்துவிட்டது என்றேன்.
அவள் கண்ணாடித் துளையில் வாயை வைத்து,
"பேங்கு கீது. நீ கீறே.
நோட்டும் கீது.
அப்பால இன்னா?"

என்னிடம் பதில் இல்லை.
பின்னால் நின்றவர் இருமினார்.
நீயே வச்சிக்க என்று தள்ளிவிட்டு
கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதை ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
நான்கு ஓரமும் நேர். கையெழுத்து அச்சு.
எல்லா நோட்டுக்கும் கீழே பென்சிலில் ஒரு சீட்டு:
ஊர், தலைவர், காசாளர்.

ஊர் என்ற இடத்தில் காசிமேடு என்று எழுதினேன்.
தலைவருக்குக் கோடு இழுத்துவிட்டேன்.
மூன்றாவதை இன்னும் நிரப்பவில்லை.
பென்சில் அங்கேயே,
பக்க இடுக்கில் கிடக்கிறது.