வளர்ச்சி இல்லை

குழந்தைகளை நான் பார்ப்பதில்லை.
ஒரு மில்லி ரத்தமாகத்தான்
மாடி இறங்கி என்னிடம் வருவார்கள்,
மஞ்சள் மூடி போட்ட குப்பியில்,
சில நேரம் உடம்புச் சூடு ஆறாமல்.

முகிலரசி. இரண்டு வயது. ஆறாம் கட்டில்.
காசிமேடு. காய்ச்சல் ஐந்து நாள்.
அதற்குக் கீழே, எழுதிய டாக்டர்
தூக்கத்தில் இழுத்துவிட்ட ஒரு கோடு.

எழும்பூரில் மழை பிடித்துக்கொண்ட இரவு.
கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் சில வினாடிகள்
லேபில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
மேலே வென்டிலேட்டருக்கு பேட்டரி உண்டு,
தெரியும்.
ஆனாலும் பிடித்துக்கொள்வோம்.

மூன்று பத்துக்கு இயந்திரம் கூவியது.
பதினொரு மணி நேரத்தில் கூவினால்
உள்ளே இருப்பவன் அவசரக்காரன்.
கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து
ஊதா ஊற்றி, கழுவி, சிவப்பு ஊற்றி
லென்சுக்குள் குனிந்தேன்:
சிவப்புக் குச்சிகள், கட்டையாக, கொழுகொழுவென்று,
வேளைக்குச் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.
போன் போட்டுச் சொன்னேன். மருந்தை மாற்றினார்கள்.
மறுநாள் மாலை அவளுடைய இரண்டாவது குப்பி வந்தது.

அன்று இரவு தட்டைத் திறந்தால்
ஈரமாக, பளபளவென்று, ஒன்றோடொன்று வழிந்து.
கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினேன்,
விரல் நீளத்துக்கு நூலாக இழுபட்டது.
அதிரசத்துக்குப் பாகு இப்படித்தான் பார்ப்பேன்.
இந்தத் தீபாவளிக்கு
கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றுவிட்டேன்.
வீட்டில் ஏன் என்று கேட்டார்கள்.

மூன்றாம் இரவு மருந்து வில்லைகள்.
கொல்லுகிற மருந்தைச் சுற்றி
வெறும் வட்டம் ஒன்று விழ வேண்டும்,
கோலம் போடத் தெளித்த வாசல்போல் சுத்தமாக.
விழவில்லை.
வில்லையின் ஓரம்வரை வந்து மேய்ந்திருந்தன.
படிவத்தில் ஆர், ஆர், ஆர் என்று நிரப்பிக்கொண்டே போனேன்.
எதிர்க்கிறது என்பதற்கு அந்த எழுத்து.
பழந்தமிழில் அது ஆளைத் தேடும் கேள்வி:
ஆர்? ஆர்? ஆர்?
கடைசிக் குழாயில் ஒரே ஒரு மருந்து கை தூக்கியது,
சிறுநீரகத்தைச் சுடுகிற, பழைய,
யாரும் விரும்பாத மருந்து.

"பியூலா சிஸ்டர், ஆறாம் கட்டில், எழுதிக்குங்க."
"ஆறா? ஆறு காலி மேடம்."
அவருக்குப் பின்னால் ஏதோ ஓர் அலாரம்.
வைத்துவிட்டார்.

காலி.
வார்டுக்கு மாற்றினாலும் காலி.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
இன்னோர் அர்த்தமும் இருக்கிறது.
திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.
பதினாறு வருஷத்தில் ஒருமுறை கேட்டேன்,
அதற்குப் பிறகு கேட்பதில்லை.

இரண்டாவது குப்பி மட்டும்
இயந்திரத்தின் தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்தது.
ஒரு நாள், இரண்டு நாள், கூவவில்லை.
ஐந்தாம் நாள் தாள் தானாக அச்சானது:
வளர்ச்சி இல்லை.
எந்தத் தாய்க்கும் சொல்லக் கூடாத வார்த்தை.
என் மேசையில் அதற்கு மேல் நல்ல வார்த்தை கிடையாது.
கையெழுத்துப் போட்டுத் தட்டில் வைத்தேன்.

காலையில் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.
பதிவேட்டில் 'தந்தை' என்று எழுதி ஓர் ஈரக் கைநாட்டு.
வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர்களும் வாங்குவார்கள்.
காப்பீட்டுக் கோப்புக்காக
மற்றவர்களும்.

தண்டையார்பேட்டை பஸ்ஸில்
முன்சீட்டில் ஒரு குழந்தை கத்தி அழுதது.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், ஒருவர் 'ச்ச்' கொட்டினார்,
அதன் அம்மா பிஸ்கட்டை நீட்டி நீட்டித் தோற்றாள்.
தொண்டையில் குழாய் இருக்கும் குழந்தை அழும்,
வாய் கோணும், கண்ணீர் வரும், சத்தம் வராது
என்று பியூலா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.
புறங்கையில் பிளாஸ்திரி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.
முழுக்கைச் சட்டை. தெரியவில்லை.

டிப்போ வரை அழுதது.
நான் இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்க வேண்டியவள்.