மிச்சம்

விடிய நாலரைக்குப் பேக்கரிப் பின்கதவு.
தட்டுத் தட்டாய் ஏற்றி,
அந்தப் பியானோ மெட்டைத் தட்டிவிட்டால்
களுவாஞ்சிகுடி ஒழுங்கைகளில்
கதவுகள் எனக்காகத்தான் திறக்கும்.

விற்காததை முதலாளி திருப்பி எடுக்கமாட்டார்.
எறிய எனக்கு மனம் வராது.
கிம்புலா பணிஸ் இரண்டு, சில நாள் நாலு,
ஹாண்டிலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துத் தின்பேன்.
பன்னிரண்டு வருசத்தில்
வைக்க இடம் இல்லாமல் போனது.

கிளினிக்கில் மிஸ்ஸி நாடாவைச் சுற்றினா.
நூற்றுப் பதினொன்று.
ஸ்கான் படத்தில் ஈரல் வெள்ளை பூத்திருந்தது.
"நீங்க விற்காததெல்லாம் இங்கதான் இருக்கு, கிருபைராசா."
சனிக்கிழமை தவறாமல்
என்னிடம் ரோஸ் பாண் வாங்குகிற மிஸ்ஸி.
இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

பின்னேரம் நடக்கச் சொன்னா.
நடக்கிற தொடைக்கும் வாயுண்டாம்.
இரத்தத்தில் சும்மா நிற்கிற சீனியை
அது கேட்டு வாங்கித் தின்னுமாம்.
இத்தனை வருசம் வாசலுக்கு வாசல் போனவன்
என் தொடைக்கு ஒருநாளும் விற்கவில்லை.

முதல் நாள்
பள்ளிக்கூட மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மூன்று சில்லில் வந்தால் வாலாட்டும் நாய்கள்
இரண்டு காலில் வந்தவனைக் குரைத்தன.
"வண்டி பஞ்சரா அண்ணன்?"
பொடியள் பின்னால் வந்து
வாயாலேயே மெட்டை வாசித்தார்கள்.
அதுக்குக் கால் எட்டிப் போட்டேன்.

குருமண்வெளித் துறைவரை.
மண்டூருக்குப் பாதை புறப்படும்.
நான் ஏறுவதில்லை.
ஏறினால் இருக்கவேணும்.
இருந்தே போனவன் நான்.
வாவிக் காற்றில் சேர்ட்டைக் காயவிட்டுக்
கிறுகி நடப்பேன்.

இரவுச் சோறு பாதி.
மற்றப் பாதியில் முருங்கையிலைச் சுண்டலும் ஒட்டி மீன் ஆணமும்.
முதல் கிழமை பசியில் மனுசியோடு சண்டை.
ரெண்டாம் கிழமையும்.
மிச்சப் பணிஸைத் துறையில் யாருக்கும் கொடுக்கலாம்தான்.
யாருடைய ஈரலில் கொண்டுபோய் வைக்க?
ஏற்றுவதையே முப்பது குறைத்தேன்.
முதலாளி முகம் சுழித்தார்.

மூன்று மாதம். தராசில் ஏறினேன்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு.
அவ்வளவு நாய்க்கும் அவ்வளவு பசிக்கும்
இரண்டே கிலோ.
செருப்பைப் போட்டுக்கொண்டு போகப் பார்த்தேன்.

மிஸ்ஸி மற்றக் கடுதாசியைத் தள்ளினா.
வெறுவயிற்றுச் சீனி நூற்று முப்பத்தொன்பது,
இப்போ நூற்றெட்டு.
கொழுப்பு இறங்கியிருக்கு. பிறசரும்.
நாடா ஆறு சென்ரிமீற்றர் மிஞ்சியது.
"தராசுக்கு உள்வீடு தெரியாது" என்றா.
தலையை நிமிர்த்தாமல்
அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.

பொய் சொல்லமாட்டேன்.
புதன்கிழமை ஒரு கிம்புலா.
அடுப்பிலிருந்து வந்த சூடு, மேலே சீனி மினுங்கியது.
அன்று துறைக்குப் போய் வந்து
மறுகா ஒருதரம் போனேன்.

விடியப்புறம் ஹாண்டிலைப் பிடித்தபோது
நடுவில் ஒரு கை போகும் அளவுக்கு இடம்.
கையை வைத்துப் பார்த்தேன்.
பிறகு மெட்டைத் தட்டிவிட்டு
முதல் ஒழுங்கைக்குள் திருப்பினேன்.
சனிக்கிழமை.
மிஸ்ஸி வாசலில் நின்றா,
அரை ரோஸ் பாண் கேட்டா.